இரண்டு முறை கூட்டிய அரை மணித்தியாலம்

திருநெல்வேலி
18.03.2024

அன்புள்ள தங்கச்சி மகாதேவிக்கு,

அண்ணை எழுதுவது. உன்னுடைய சுகமும் பிள்ளை கஜந்தினியின் சுகமும் எப்படி? இங்கே உன் அண்ணி குணலட்சுமியின் முழங்கால் வழமைபோல் முறைப்பாடு செய்துகொண்டிருக்கிறது. எனக்குத் தொண்டையில் வைத்த குழாய் பழகிவிட்டது. குரல்தான் போனது, பசி போகவில்லை. முப்பத்தைந்து வருஷம் பௌதிகம் படிப்பித்துக் கத்திய வாய்க்கு இப்போதாவது ஓய்வு கிடைத்ததே என்று அண்ணிக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஏன் திடீரென்று கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைக்க எனக்கு வழியில்லை. போனில் எழுதினால் கஜந்தினிதான் உனக்கு வாசித்துக் காட்டுவாள், பதிலையும் அவளே தட்டுவாள். தங்கச்சியோடு கதைக்க எனக்கு நடுவில் ஒரு ஆள் வேண்டாம். பஸ் ஏறி வரலாமென்றால் இந்தக் குலுக்கலுக்குக் குழாய் தாங்காது என்று டொக்டர் மறித்துவிட்டார்.

விஷயம் இதுதான். சந்தைக்குப் பக்கத்தில் மாதத்தில் ஒரு நாள் கூடும் எங்கள் அறிவியல் வட்டத்துக்குக் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்கிறார்கள். நான் எழுத, பழைய மாணவி தாரிகா வாசிப்பாள். மலை உச்சியில் வைத்த மணிக்கூடு கடற்கரையில் வைத்ததைவிடத் துளி வேகமாக ஓடும், எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு 'இப்போது' கிடையாது என்றெல்லாம் எழுதிவிட்டேன். எங்கள் சனத்துக்கு விளங்கக்கூடிய ஒரு உதாரணம் வேண்டும்.

1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது நினைவிருக்கிறதா? முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலத்தில் வந்து நின்றது. பத்து வருஷம் அப்படியே இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் புது நேரம். இடம்பெயர்ந்து போன நீங்கள், இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில், பழைய நேரம். நடுவில் ஒரு சோதனைச்சாவடி, அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு நேரம். கஜந்தினி அப்போதுதானே பிறந்தாள். செஞ்சிலுவைக்காரரிடம் நீ கொடுத்துவிட்ட கடிதத்தில் இருந்த நேரத்தைக் கொண்டுபோய் ஆழ்வாப்பிள்ளைச் சாத்திரியாரிடம் சாதகக் குறிப்பு எழுதுவித்தது நான்தான். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. அந்த நாளைப் பற்றி நினைவில் இருப்பதை எழுதி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புடன் அண்ணை,
நமசிவாயம்


பருத்தித்துறை
02.04.2024

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டுக்குக் கடிதம் வந்து எத்தனை வருஷம். தபால்காரர், என் மனுஷன் றஞ்சித்தின் பெயரைச் சொல்லித்தான் வீட்டை விசாரித்தாராம். பதினைந்து வருஷமாக இல்லாத மனுஷனின் பெயரில்தான் இன்னும் இந்த வீட்டை ஊருக்குத் தெரிகிறது. நீங்கள் நேரத்துக்குக் கஞ்சி குடிக்கிறீர்களா? அண்ணியோடு எழுத்தில் சண்டை பிடிக்கிறீர்களாமே, கேள்விப்பட்டேன்.

பிள்ளை பிறந்ததைக் கேட்டீர்கள். புதுக்குடியிருப்பில், தை அமாவாசை கழிந்த விடியல். இரவிரவாக நோ. மூத்தவன் நிருஷனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். யன்னல் சீலையை மருத்துவிச்சி விலக்கிவிட்டார். வெளியில் வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் சூரியன் இன்னும் ஏறவில்லை. மருத்துவிச்சி பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "சூரியன் ஏற முந்தி வந்திட்டாள், அப்ப இவள் வெள்ளிக்கிழமைப் பிள்ளைதான்" என்றார். கலண்டரில் சனி. எங்களுக்குச் சூரியன் வந்தால்தானே அடுத்த நாள். அதனால்தான் நான் அவளுக்கு வெள்ளியில் தலை முழுக வைப்பதும் விளக்கு வைப்பதும்.

ஒரு சந்தோஷமான செய்தி. அவளுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கிறது. தும்பளையில், பெயர் கோபிசங்கர், வயது நாற்பத்தொன்று. முதல் மனைவி காய்ச்சலில் மோசம்போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. அவருக்கும் எட்டில் செவ்வாய். எங்கள் பிள்ளைக்கும் எட்டில் செவ்வாய். இப்படி இருபக்கமும் இருந்தால்தான் ஒன்றுக்கொன்று தீங்கு செய்யாது. ஆவணியில் நாள் வைத்திருக்கிறோம். அவளிடம் கேட்டேன், நூலகத்துக்கு வெளிக்கிட்டபடி "சரி" என்றாள். படத்தைக் கூடக் கேட்கவில்லை. நீங்கள் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஏசுவீர்கள். ஏச்சைக் கட்டுரையில் எழுதுங்கள், எனக்கு எழுதவேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.
தங்கச்சி,
மகாதேவி


திருநெல்வேலி
12.04.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து மனம் நிறைந்தது. வீட்டில் எல்லோரும் புதுவருஷத்துக்கு ஆயத்தமாக இருப்பீர்கள். இங்கே அண்ணி ஒரு பஞ்சாங்கத்தையும் அடுத்த வீட்டுக்காரி மற்றப் பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு மதிலுக்கு மேலால் வாதாடுகிறார்கள். வாக்கியத்தில் வருஷம் ஒரு நேரம் பிறக்கிறது, திருக்கணிதத்தில் இன்னொரு நேரம். ஒரு ஒழுங்கைக்குள் இரண்டு வருஷப்பிறப்பு.

மாப்பிள்ளை விஷயம். நாற்பத்தொரு வயது, இருபத்தேழு வயதுப் பிள்ளை. நான் ஏசவில்லை, நீ மறித்துவிட்டாய். ஆனால் 'சரி' என்ற ஒரு சொல் எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் பத்துக் கேள்வி திரும்பி வரும்.

இன்னொன்று. கட்டுரைக்காக என்னிடமிருந்த குறிப்பின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். குறிப்பில் சனிக்கிழமை என்று இருக்கிறது. சூரியன் உதித்து ஒரு நாழிகைக்குச் சற்று மேலே பிறந்ததாக எழுதியிருக்கிறது. ஒரு நாழிகை இருபத்துநாலு நிமிஷம். நீயோ வெள்ளி என்கிறாய், சூரியன் ஏறவில்லை என்கிறாய்.

1997இல் நீ எழுதிய கடிதமும் என் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் '6.55' என்று உன் கையெழுத்து. அந்தக் காலத்தில் வன்னியின் பழைய நேரப்படி சூரியன் 6.28க்கு வந்திருக்கும். அப்படியென்றால் உன் வீட்டு மணிக்கூட்டில் 6.55 ஆகும்போது வெயில் முற்றத்துக்கு வந்திருக்கவேண்டுமே. நீ மணிக்கூட்டைப் பார்த்து அப்படியே எழுதினாயா, இல்லை எங்கள் நேரத்துக்கு மாற்றி எழுதினாயா? ஒரு வரி போதும்.

பிள்ளைக்குப் புதுவருஷ ஆசி.
அண்ணை


திருநெல்வேலி
06.05.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்றுதான் நம்புகிறேன். மூன்று கிழமையாகப் பதிலில்லை. பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்த ஒருவரிடம் அண்ணி விசாரித்தாள். உன்னைச் சந்தையில் கண்டதாகச் சொன்னார்.

நீ பதில் எழுதாவிட்டாலும் கணக்குப் பதில் சொல்லிவிட்டது. பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன், பத்து நிமிஷ வேலை. பிள்ளை பிறக்கும்போது உன் வீட்டு மணிக்கூட்டில் 6.25. அண்ணை புது நேரத்தில் இருக்கிறார், அவருக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்று நீ அரை மணித்தியாலம் கூட்டி 6.55 என்று எழுதினாய். நான் அதைப் பார்த்து, தங்கச்சி பழைய நேரத்தில் இருக்கிறாள், சாத்திரியாருக்குப் புது நேரம் கொடுக்கவேண்டும் என்று இன்னொரு அரை மணித்தியாலம் கூட்டி 7.25 என்று கொடுத்தேன். சாத்திரியார் தன் முறைப்படி புது நேரத்துக்குரிய அரை மணித்தியாலத்தை ஒரு தரம் கழித்து, பழைய நேரம் 6.55க்குக் குறிப்பு எழுதினார். அவரில் பிழையில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உதவி செய்து ஒரு அரை மணித்தியாலத்தை அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டோம்.

இங்கே ஒரு சாத்திரியாரிடம் பெயர் சொல்லாமல் இரண்டு நேரத்தையும் கொடுத்துக் கேட்டேன். எழுதிக்காட்டித்தான் கேட்டேன். 6.55க்குக் கும்ப லக்கினம், செவ்வாய் எட்டில். 6.25க்கு மகர லக்கினம், செவ்வாய் ஒன்பதில். ஒன்பதில் இருந்தால் குற்றமே இல்லையாம்.

மகாதேவி, நான் இந்தச் செவ்வாயை நம்புகிறவன் இல்லை. ஆனால் அதை நம்பித்தானே ஐந்து வருஷத்துக்கு முதல் அந்தத் தொண்டைமானாற்றுப் பெடியன் மயூரதனின் வீட்டார் கலியாணப் பேச்சை நிறுத்தினார்கள். பிள்ளை ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நீயே அழுதாய். அப்போது நான் என்ன செய்தேன்? 'காட்டுமிராண்டிச் சனம்' என்று போனில் கத்திவிட்டு வைத்துவிட்டேன். குறிப்பை ஒரு தரம் எடுத்துப் பார்த்திருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நம்பிக்கை இல்லாததால் நான் அதைத் தொடவேயில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது அதே பிழையான குறிப்பை வைத்து, செவ்வாய்க்குச் செவ்வாய் என்று, அவளை ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறோம். ஆவணிக்கு முதல் அவளுக்குச் சொல்லவேண்டும். பிறகு அவள் அவரைக் கட்டட்டும், கட்டாமல் விடட்டும். தெரிந்துகொண்டு செய்யட்டும். நீ தாய், நீ சொல்வதுதான் முறை.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அண்ணை


பருத்தித்துறை
20.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் தொண்டைக்கு இப்போது எப்படி? காற்று மாறிவிட்டது, கடல் மூசுகிறது, வள்ளங்கள் இரண்டு நாளாக இறங்கவில்லை. மீன் இல்லாமல் கத்தரிக்காயோடு நாள் போகிறது. முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டிப் புழு ஏறியதால் சுள்ளி கொளுத்திப் புகை போட்டேன்.

மே பதினெட்டாம் திகதி வழமைபோல் கஞ்சி காய்ச்சி அவருக்கும் நிருஷனுக்கும் விளக்கு வைத்தோம். யுத்தத்தின் முடிவில் அவர்கள் போன நாள் எனக்குத் தெரியும். நேரம் தெரியாது. அந்த இடத்தில் யாரிடமும் மணிக்கூடு இருக்கவில்லை, இருந்தாலும் பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனார்களா, இவர் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனாரா என்று பதினைந்து வருஷமாக யோசிக்கிறேன். உங்கள் கட்டுரையில் இதற்குப் பதில் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள்.

நீங்கள் எழுதின மற்ற விஷயம் பழைய கதை. பொருத்தம் பார்த்தாயிற்று, மண்டபமும் சொல்லியாயிற்று. மயூரதன் மெல்பேணில் கலியாணம் கட்டி, ஒரு பிள்ளையும் இருக்கிறதாம். இப்போது கிண்டி என்ன வரப்போகிறது? பிள்ளைக்குச் சொல்லவேண்டாம். கூறைக்கு நிறம் கேட்டேன், அதற்கும் 'சரி' என்றாள்.

இருமல் வந்தால் கற்பூரவள்ளி போட்டு ஆவி பிடியுங்கள்.
மகாதேவி


திருநெல்வேலி
03.06.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆவி பிடித்தேன். சுகம் கேட்டதற்குச் சந்தோஷம். நீ கேட்ட பக்கம் என் கட்டுரையில் இல்லை. இரண்டு சம்பவம் ஒரே நேரத்தில் நடந்ததா என்ற கேள்விக்கே, தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பவன் ஒரு பதிலும் நின்றுகொண்டிருப்பவன் வேறொரு பதிலும் சொல்வான், இரண்டும் சரி என்றுதான் நான் படித்த பௌதிகம் சொல்கிறது. தன் மனுஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவளிடம் இதை எப்படிச் சொல்வது?

பதின்மூன்று பக்கம் எழுதிவிட்டேன். பெரும்பாலும் எங்கள் சமன்பாடுகளுக்கு முன்னும் பின்னும் தெரியாது. நேரத்தைப் பின்னுக்கு ஓடவிட்டாலும் அவை சரியாகத்தான் இருக்கும். சுடுதண்ணீர் ஆறுவதையும் கோப்பை உடைவதையும் வைத்துத்தான் எது முந்தி எது பிந்தி என்று கண்டுபிடிக்கிறோம். சிலர், நடந்ததும் நடக்கப்போவதும் அச்சடித்த புத்தகத்தின் பக்கங்கள்போல ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது, நாங்கள்தான் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறோம் என்கிறார்கள். எங்கள் சைவ சித்தாந்தம் காலத்தைக் கடவுளாக்கவில்லை. மாயையில் பிறந்த அறிவில்லாத சடப்பொருள் என்று வைத்துவிட்டது. இதெல்லாம் எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. நேற்று தாரிகா சத்தமாக வாசித்துக் காட்டினாள். கேட்கக் கேட்க எனக்கு என்மேல் எரிச்சல் வந்தது. 2019இல் அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளை எந்தப் பக்கத்தில் இருந்தால் என்ன, அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள் என்றல்லவா அதற்கு அர்த்தம்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கோபிக்காதே. நான் கணக்கை எழுதி அனுப்பியபோது நீ திடுக்கிடவில்லை. 'அப்படியா அண்ணை' என்று ஒரு சொல் இல்லை. மயிர்க்கொட்டியைப் பற்றி எழுதினாய். சின்ன வயதில் களவாக மாங்காய் தின்றுவிட்டு, கேட்டால் வானத்தைப் பார்த்து மழை வரப்போகுது என்பாய். எனக்கு அந்த ஞாபகம் வந்தது.

உனக்கு இது எப்போது தெரியும்?

அண்ணை


பருத்தித்துறை
11.07.2024

அண்ணை,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், மன்னியுங்கள். ஐந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

எனக்கு 2019 ஆனியில் தெரியும். மயூரதனும் தாயும் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று. நான் அந்தக் குறிப்பை அதற்கு முதல் விரித்துப் பார்த்ததே இல்லை. வன்னியிலிருந்து நான் திரும்பி வந்தபோது நீங்கள் தந்ததை அப்படியே சாமித்தட்டில் வைத்திருந்தேன். அன்றுதான் எடுத்துக் கொடுத்தேன். அந்த மனுஷி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தா. "சனிக்கிழமை, உதயத்துக்குப் பிறகு" என்று வாசிக்கும்போது நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. சூரியன் ஏற முந்திப் பிறந்த பிள்ளை. நான் பெற்றவள், எனக்குத் தெரியாதா? நான் கூட்டி எழுதினதும் அந்த இடத்திலேயே நினைவு வந்தது.

"எட்டிலை செவ்வாய் எல்லே கிடக்கு" என்று அவ சொன்னா. நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன் அண்ணை. அந்த நேரம் பார்த்து மயூரதன், "அம்மா, இதையெல்லாம் விடுங்கோ, விசா வந்திட்டுது, தையிலை இரண்டு பேரும் மெல்பேணுக்குப் போயிடுவம்" என்றான்.

நான் வாயை மூடிவிட்டேன்.

அவரையும் நிருஷனையும் விட்டுவிட்டு இவளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடல் ஏரியைக் கடந்து வந்தேன். பன்னிரண்டு வயது. என்னிடம் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். பிளேன் ஏறிவிட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு கதைப்பது? யாருக்குச் சோறு போடுவது? பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்தத் தும்பளை மாப்பிள்ளை பஸ்ஸில் கால் மணித்தியாலம். அதுதான் எனக்குப் பிடித்தது. குறிப்புப் பிழை என்று தெரிந்தும் அதைக் கொடுத்துத்தான் பொருத்தம் பார்த்தேன்.

முதல் கடிதத்தில் நீங்கள் கேட்டபோது வெள்ளிக்கிழமைப் பிள்ளை என்று ஏன் எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கணக்குப் பார்ப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேனோ என்னவோ.

அவளுக்கு முன்னால் நின்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு இருக்கும்போது தொடங்குவேன், "இன்னும் கொஞ்சம் போடட்டா" என்று முடிப்பேன். என் பழைய கடிதத்தை நீங்களே அவளுக்கு அனுப்புங்கள். நூலக விலாசத்துக்கு அனுப்புங்கள். நான் சும்மா இருந்ததையும் எழுதுங்கள். மறைக்கவேண்டாம்.

மகாதேவி


திருநெல்வேலி
22.07.2024

அன்புள்ள மருமகள் கஜந்தினிக்கு,

மாமா எழுதுகிறேன். உன் சுகம் அறிய ஆவல். நூலக விலாசத்துக்கு எழுதுவதைக் குறைநினைக்காதே.

இதற்குள் மூன்று தாள்கள் இருக்கின்றன. ஒன்று, நீ பிறந்த கிழமை உன் அம்மா புதுக்குடியிருப்பிலிருந்து எனக்கு எழுதிய கடிதம். மற்றது, நான் போட்ட கணக்கு. உனக்குக் கணக்கு விளங்கும். மூன்றாவது, இந்த மாதம் அம்மா எனக்கு எழுதியது. முதலில் அதைப் பொத்திவைக்கத்தான் நினைத்தேன். அவளே மறைக்கவேண்டாம் என்கிறாள். ஆறுதலாக இருந்து வாசி. வீதியில் நின்று வாசிக்காதே.

உன் தலையில் ஏற்றிய அரை மணித்தியாலத்தில் பாதி என்னுடையது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவின் பங்கைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பகிடி ஏதாவது எழுதித்தான் எனக்குப் பழக்கம், இன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ என்ன முடிவெடுத்தாலும் மாமா உன் பக்கம். அம்மாவோடு கதைப்பாயா?

மாமா,
நமசிவாயம்


பருத்தித்துறை
02.09.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுகமும் மாமியின் சுகமும் எப்படி? பதில் எழுத ஆறு கிழமை ஆகிவிட்டது. கோபத்தில் அல்ல. எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

அம்மாவோடு கதைக்கிறேனா என்று கேட்டிருந்தீர்கள். அம்மா சோறு போடுகிறார், நான் சாப்பிடுகிறேன். மூன்று தாளையும் மேசையில் விரித்து வைத்தேன். அம்மா பார்த்துவிட்டுத் தலை குனிந்தார். ஒரு கேள்விதான் கேட்டேன். அந்த நேரம் வெளிச்சம் எப்படி இருந்தது என்று. "ஆளை ஆள் அடையாளம் தெரியும், நிழல் விழாது" என்றார்.

உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்றை நான் சொல்லவேண்டும். மயூரதன் வீட்டார் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டு கிழமை கழித்து அவருடைய அம்மா சம்மதித்துவிட்டா. ஏதாவது பரிகாரம் செய்துவிட்டுக் கட்டட்டும் என்றாவாம். அதைச் சொல்லத்தான் மயூரதன் என்னைத் தொண்டைமானாற்றுச் சன்னிதி கோயிலுக்கு வரச்சொன்னார். கடல் ஏரிப் பக்கப் படியில் இருந்து சந்தோஷமாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். "என்ரை செவ்வாய் உங்களைத் தின்னும். நீங்கள் உயிரோடை இருந்தால் எனக்குக் காணும், எங்கையாவது இருங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வெளியில் அவர்கள் நிறுத்தியதாகச் சொல்லச் சொன்னதும் நான்தான்.

அப்பாவும் அண்ணாவும் போனபோது நான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தேன் மாமா. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஏன் எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று பத்து வருஷம் யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த மனுஷி குறிப்பை வாசித்தபோது பதில் கிடைத்துவிட்டது. நான் தின்கிறவள். என் பக்கத்தில் நிற்கிற ஆம்பிளைகள் சாவார்கள். அதைத்தான் ஐந்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நூலகத்தில் ஒரு பெடியன் புத்தகம் எடுக்கப் பக்கத்தில் வந்தாலும் எழுந்து தள்ளிப்போவேன். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். என்னைத் தன்னோடு வைத்திருக்கத்தான் சும்மா இருந்தார் என்று எழுதியிருக்கிறார். அவரோடு இருந்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

கோபிசங்கரிடம் நானே போய்ச் சொன்னேன். குறிப்புப் பிழை, எனக்குச் செவ்வாய்க் குற்றம் இல்லை, ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் கட்டவேண்டும் என்று வந்தேன் என்றேன். அவர் நல்ல மனிதர். "அப்ப வேண்டாம். உமக்கு இல்லையெண்டால் என்ரை செவ்வாய் உம்மைத் தின்னும். ஒருத்தியைத் திண்டது காணும்" என்றார்.

நான் படியில் இருந்து சொன்ன அதே வசனம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்கள் மனைவியைக் கொன்றது காய்ச்சல், நீங்கள் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. அந்த வசனத்தை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை, அதனால் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எழும்பி வந்துவிட்டேன். கலியாணம் நின்றுவிட்டது. மண்டபத்துக்கு அம்மா சொல்லிவிட்டார்.

உங்கள் கட்டுரையில் என் கதையைப் போடலாம். பெயரையும் போடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை வெள்ளாப்பில் எழும்பிக் கடற்கரைக்குப் போனேன். நான் சூரியனுக்கு மூன்று நிமிஷம் முந்தி என்று உங்கள் கணக்குச் சொல்கிறது. மூன்று நிமிஷம் எவ்வளவு நேரம் என்று பார்க்க ஆசையாக இருந்தது. நாட்காட்டியில் உதய நேரத்தைப் பார்த்துவிட்டுப் போய், வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா சொன்னது சரி. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் முகம் எல்லாம் தெரிந்தது. ஒருவருக்கும் நிழல் இல்லை. எனக்கும் இல்லை. அந்த மூன்று நிமிஷமும் நான் யாருக்கும் ஒன்றும் செய்யாத பிள்ளையாக நின்றேன். பிறகு சூரியன் வந்துவிட்டது.

அங்கிருந்து நேரே தும்பளைக்கு நடந்தேன். கொன்றது காய்ச்சல், நீங்கள் இல்லை என்ற அந்த வசனத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கோபிசங்கரின் படலையில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டேன். உள்ளே அவருடைய சைக்கிள் நின்றது, செருப்பும் இருந்தது. அவர் வெளியில் வரவில்லை. வருகிற வெள்ளியும் போவேன்.

மருமகள்,
கஜந்தினி